உயர்ந்து தெரிந்த அந்தக் கறுப்புத் துடுப்பு

கேள்வி: தென்கடலில் வலை வாங்கிக்கொண்டிருந்தபோது சற்றுத் தள்ளி ஐந்தாறு கறுப்பு முதுகுகள் எழும்பி எழும்பிப் போயின. ஓங்கலைவிட (டால்பினைவிட) பெரியவை. 'ஓர்கா' என்கிற கொலைகாரத் திமிங்கிலம்தான் என்று அடித்துச் சொல்கிறான் மச்சான். எப்படி உறுதி செய்வது? கிட்டப் போய்ப் பார்க்கலாமா?
— மூக்கையூர் வாசகர்

பதில்: வெள்ளை எங்கேயாவது தெரிந்ததா தம்பி? ஓர்காவுக்குக் கண்ணுக்குச் சற்று மேலே, பின்னால் தள்ளி, நீள்வட்டமாக ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். முதுகுத் துடுப்புக்குப் பின்னால் விபூதியைத் தேய்த்துவிட்டாற்போல ஒரு சாம்பல் பட்டை. வளர்ந்த ஆணின் துடுப்பு 1.8 மீட்டர் வரை நிமிர்ந்து நிற்கும். பெண்ணுக்கு அதில் பாதிதான், வளைந்திருக்கும்.

தலை உருண்டு, துடுப்பு தாழ்வாகவும் அகலமாகவும் தலைப் பக்கம் தள்ளியும் இருந்தால் அது பைலட் திமிங்கிலம். 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் கூட்டமாகக் கரை ஒதுங்கினவே, அவைதான். அவற்றுக்கும் லேசாகச் சாம்பல் உண்டு, அதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

நீங்கள் எழுதியதை வைத்து எதுவென்று சொல்ல முடியாது. மச்சான் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. இலங்கையில் கற்பிட்டி, மிரிஸ்ஸ, திருகோணமலைக் கடல்களில் ஓர்காவைப் பார்த்திருக்கிறார்கள்.

கிட்டப் போக வேண்டாம். படம் எடுங்கள். கனடாவின் மேற்குக் கரையில் ஆய்வுப் படகில் கேமராவோடு நின்ற நாட்களில் எனக்கு முதலில் சொல்லித்தந்தது, முகத்தை விட்டுவிட்டுத் துடுப்பையும் சாம்பல் பட்டையையும் பிடி என்பதுதான். துடுப்போரத்து வெட்டும் பட்டையின் வடிவமும் ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதை 1970-களில் மைக்கேல் பிக் என்ற ஆய்வாளர் அங்கேதான் நிறுவினார். ஒப்பிட வசதியாக இடது பக்கத்தைத்தான் முதலில் எடுப்போம். 2018-இல் ஜே35 என்ற தாய், இறந்த குட்டியை 17 நாள் சுமந்து திரிந்தது. அத்தனை நாளும் அதே தாய்தான் என்று சொல்ல முடிந்தது இப்படிச் சேர்த்த படங்களால்தான். அதன் கூட்டத்தில் மிச்சமிருப்பவை 80-க்கும் குறைவு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு.

அடுத்த தடவை எஞ்சினைக் குறைத்து, அவை போகும் திசையிலேயே நன்றாகத் தள்ளிப் பக்கவாட்டில் ஓடுங்கள். முன்னால் போய் மறிக்காதீர்கள். குட்டி இருந்தால் விலகிவிடுங்கள். வெயில் உங்கள் முதுகில் விழட்டும், எதிர்வெயிலில் எல்லாமே கறுப்புத்தான். மூச்சு விட்டு முதுகு வளைகிற நொடியில்தான் துடுப்பு அடிவரை தெரியும். அதனால் போனில் வீடியோவை ஓடவிடுங்கள், அப்புறம் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம். நேரத்தையும் ஜிபிஎஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினால் படம் தரம் குறைந்து, துடுப்போரத்து வெட்டு மங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் போனோடு மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்துக்கே போய்க் காட்டுங்கள்.

கேள்வி: ஓர்கா ஆளைக் கொல்லுமா?
— தொண்டி வாசகி

பதில்: கடலில் திரியும் ஓர்கா ஆளைக் கொன்றதாகப் பதிவில்லை. தொட்டியில் அடைத்து வளர்த்தவை பயிற்சியாளர்களைக் கொன்றிருக்கின்றன. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் 2020 முதல் பாய்மரப் படகுகளின் சுக்கானை இடித்து உடைக்கின்றன, சில படகுகள் மூழ்கியும் விட்டன. தள்ளி நிற்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.