ஆப்பிரிக்க மொழிகளும் பேச்சறிதலும்: கேள்வி பதில்

பேச்சறிதல் என்றால் நாம் பேசுவதைக் கணினி கேட்டு எழுத்தாக்குவது. ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில், அந்நாட்டு மொழியான கின்யாருவாண்டாவின் குரல் பதிவு வேலையில் சில காலம் இருந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: யோருபா ஏன் இவ்வளவு சிரமம்?

நைஜீரியாவில் பேசும் யோருபாவில் மூன்று தொனிகள், அதாவது குரலின் ஏற்ற இறக்கங்கள். 'ஒக்கோ' என்று நம் காதில் விழுவது, தொனி மாறினால் கணவன், மண்வெட்டி, வண்டி என்று பொருள் மாறும். செல்பேசியில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தொனிக்குறி போடுவதில்லை. அந்த எழுத்தை வைத்தே பயிற்சி கொடுத்தால் கணினி எதைக் கற்கும்? குறி போடத் தெரிந்த உள்ளூர் ஆட்களுக்குக் கூலி கொடுத்து எழுத வையுங்கள். அப்புறம், வாசித்த குரலை மட்டும் நம்பாதீர்கள். சந்தையில் யாரும் வாசிப்பதுபோலப் பேசுவதில்லை.

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் இசிஸூலு மொழியில் சொற்பிழை விகிதம் (கணினி தப்பாக எழுதும் சொற்களின் பங்கு) அதிகம். கைவிடலாமா?

வேண்டாம். 'நான் உன்னை நேசிக்கிறேன்' அங்கே ஒரே சொல்: ஙியாகுதாண்டா. நம் 'வரமாட்டேனென்றாள்' மாதிரிதான். ஓர் ஒலி தப்பினால் முழுச் சொல்லும் பிழைக் கணக்கில் போகும். சொல்லுக்குப் பதில் எழுத்து எழுத்தாகப் பிழையை எண்ணும் விகிதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: ஓபன்ஏஐ நிறுவனத்தின் பேச்சறியும் மென்பொருள் விஸ்பர் போதாதா?

2022-ல் வந்த விஸ்பருக்கு 6,80,000 மணி நேர ஒலி கொடுத்தார்கள். பெரும்பங்கு ஆங்கிலம். போதாது.

கேள்வி: விஸ்பரையே கொஞ்சம் பழக்கினால்?

பழக்கவும் அந்த மொழியின் ஒலி வேண்டுமே. அதை எப்படிச் சேர்ப்பது என்று யோருபா கேள்வியில் சொல்லிவிட்டேன்.

கேள்வி: எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியில் கணினியைப் பேசவைப்பது எப்படி?

என் துறை கணினியைக் கேட்கவைப்பது. பேசவைப்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: குரல்களை இலவசமாக விடுவது சரியா?

மொஸில்லாவின் பொதுக் குரல் தொகுப்பான காமன் வாய்ஸில் கின்யாருவாண்டா 2,000 மணி நேரத்தைத் தாண்டியது தன்னார்வலர்களால். அந்தத் தொகுப்பை யாரும் எதற்கும் எடுக்கலாம். அதனால் நன்மை நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் குரல் கொடுத்த கிராமத்துக்கே அதை விலைக்கு விற்கவும் எந்தத் தடையும் இல்லை.

மறுப்பு: கட்டுப்பாடு போட்டால் ஆராய்ச்சியே நின்றுவிடும்.

நிற்காது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்த தரவு உரிமத்தில் வளரும் நாட்டவருக்கு ஒரு நிபந்தனை, மற்றவருக்கு வேறொன்று.

மறுப்பு: சின்னக் குழுக்கள் இந்த உரிமத்தின் சட்ட மொழியை எப்படிப் படிக்கும்?

நியாயமான கவலை. அதனால்தான் பதிவுக்கு முன்பே, அவரவர் மொழியில், குரல் எங்கே போகும் என்று சொல்லி ஒப்புதல் கேளுங்கள் என்கிறேன்.

கேள்வி: 50 மணி நேரம் வாசித்த ஒலி இருக்கிறது, போதுமா?

தொடங்கலாம். ஆனால் வாசித்தது மட்டும் போதாது என்று மேலேயே சொன்னேன். சந்தைக்குப் போங்கள், அனுமதி வாங்கிப் பதியுங்கள்.