இறங்கிய அன்று – கடிதம்

அன்புள்ள ஐயா,

அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஜூலை தொடக்கத்தில் ஒரு சுற்றுலாக் குழுவோடு வியட்நாம் போகிறேன். எனக்கு இதுதான் முதல் வெளிநாடு. பெங்களூரில் இரவு விமானம். ஆடித் திருவிழாவுக்குள் சேலம் திரும்பிவிடுவேன்.

ஏஜென்ட் கொடுத்த பயணத்திட்டத்தில் முதல் நாளுக்கு ஒரே வரிதான்: 'ஹோ சி மின் நகரம் வருகை, ஹோட்டல், ஓய்வு.' அந்த வரிதான் பயமாக இருக்கிறது. இறங்கியதும் என்ன நடக்கும்? அழைத்துப்போக ஆள் வரவில்லையென்றால்? இதற்கு நடுவே என் மகன், 'குழுவோடு போவதெல்லாம் பயணமா, ஆட்டுமந்தை மாதிரி ஓட்டிக்கொண்டு போவார்கள்' என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

முதலில் பயத்தைப் பேசி முடித்துவிடலாம். இ-விசாவில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இனிஷியலோடு வாழ்ந்து பழகிய நமக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ விரிந்து நிற்கும், குழப்பம் அங்கேதான் வரும். விசாவைத் தாளில் அச்செடுத்துக் கையில் வையுங்கள். சைகோன் (ஹோ சி மின் நகரத்தின் பழைய பெயர்) விமான நிலையத்தில் குடியேற்ற வரிசை நீளமாக இருக்கும். அதைத் தாண்டி, பெட்டியை எடுத்துக்கொண்டு, கட்டடத்தை விட்டே வெளியே வந்தால்தான் அழைக்க வந்தவர்கள் நிற்பார்கள். உள்ளே ஆளைக் காணோம் என்று கலங்க வேண்டாம். பெயரெழுதிய அட்டையில் உங்கள் பெயருக்குப் பதில் அப்பா பெயர் இருந்தாலும் இருக்கும், அதையும் தேடுங்கள். கைடின் எண்ணும் ஹோட்டல் முகவரியும் ஃபோனில் மட்டும் இருந்தால் போதாது, ஒரு தாளிலும் இருக்கட்டும்.

பணம் இன்னொரு விஷயம். அங்கத்து நாணயம் டாங். 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம். களைப்பில் ஒன்றுக்கு ஒன்று மாறிப்போனால் இருபத்தைந்து மடங்கு போய்விடும். பெரிய நோட்டுகளைத் தனியாக வையுங்கள்.

சரி, இனி உங்கள் மகன் சொன்னதற்கு வருகிறேன். நான் ஏற்காட்டில் இருக்கிறவன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, தலை சுற்றி, ஏரிப் பக்கம் வேனில் வந்து இறங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். சிலர் இறங்கியதும் படகுத்துறை எங்கே என்பார்கள். அப்புறம் லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சாயங்காலம் சேலம். சிலர் அதே வேனிலிருந்து இறங்கிக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார்கள். சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி ஏறியிருக்கும் கொடியைப் பார்த்துவிட்டு, டீக்கடைக்காரரிடம் இது என்ன என்று கேட்பார்கள். மிளகு என்று தெரிந்ததும் கிட்டே போய்த் தொட்டுப் பார்ப்பார்கள். வேன் ஒன்றுதான், டிக்கெட் ஒன்றுதான். இந்த இரண்டாவது வகை ஆட்கள் எந்தக் குழுவிலும் இருக்கலாம். நீங்கள் அப்படிப்பட்டவர் என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் தோன்றியது. திட்டத்தில் காலியாகக் கிடக்கும் ஒரு வரியைக் கவனித்திருக்கிறீர்களே!

அந்த வரியைத்தான் உங்கள் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். மறுநாளிலிருந்து உங்களை எழுப்புவதும் ஏற்றுவதும் இறக்குவதும் கைடு. யாரும் எதையும் விளக்காத, யாரும் மணி பார்க்காத நேரம் அந்த ஒரு மாலைதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று போய், பெங்களூரையும் தாண்டி தேவனஹள்ளி விமான நிலையம் சேர்ந்து, ராத்திரி விமானத்தில் அரைத்தூக்கம் தூங்கியிருப்பீர்கள். மதியம் இரண்டு மணி நேரம் படுங்கள், தப்பில்லை. ஆனால் அலாரம் வைத்து எழுந்துவிடுங்கள். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். சாயங்காலம் ஐந்து மணிக்கு உடம்பு மூன்றரைதான் என்று சொல்லும், அதைக் கேட்காதீர்கள்.

ஹோட்டல் கார்டை எடுத்துக்கொண்டு, அறையில் கூடத் தங்கும் அம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டு இறங்குங்கள். வலப்பக்கமாகவே திரும்பித் திரும்பி நடந்தால், தெருவைக் கடக்காமலே ஹோட்டல் வாசலுக்கு வந்து சேர்வீர்கள். முதல் நாளுக்கு அந்தச் சுற்று போதும். நடைபாதையில் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், நீங்களும் உட்காருங்கள். தம்ளர் மேல் சின்னத் தகர ஃபில்டர் வைத்து, அடியில் கெட்டியான டின் பால் ஊற்றிக் காபி தருவார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கும், பொறுமை வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், 1820களில். வியட்நாமுக்குப் பிரெஞ்சுப் பாதிரிமார் 1857இல் கொண்டுபோனார்கள். இன்று உலகத்தில் பிரேசிலுக்கு அடுத்து அதிகம் காபி விளைவிப்பது அந்த நாடு. பெரும்பாலும் ரொபஸ்டா என்ற வகை. நம் மலையில் விளையும் அராபிகா வகையில் பழகிய நாக்குக்கு முதல் வாய் கசப்பாக, கனமாக இருக்கும். அந்தக் கசப்பு எனக்குப் பிடிக்கும்.

தெருவைக் கடக்க வேண்டி வந்தால், நம் சேலம் ஐந்து ரோட்டில் செய்வதுபோலக் கையைக் காட்டிவிட்டு ஓடக் கூடாது. ஒரே சீராக, மெதுவாக நடக்க வேண்டும். நிற்கக் கூடாது, பின்வாங்கவும் கூடாது. பைக்குகள் உங்கள் நடையைக் கணக்கிட்டு விலகிப் போகும். ஜூலை அங்கே மழைக்காலம், மாலையில் திடீரென்று கொட்டும். குடை எடுங்கள். சைவம் என்றால் கடைப்பலகையில் 'சாய்' (Chay) என்ற சொல்லைத் தேடுங்கள், அங்கே பௌத்தர்கள் நடத்தும் நல்ல சைவக் கடைகள் உண்டு. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் குழுவை இந்திய ஓட்டலுக்கே அழைத்துப் போகக்கூடும். போங்கள், சாப்பிடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் இந்த ஒரு மணி நேரம் நடந்து முடித்திருங்கள்.

ஆடித் திருவிழா என்று எழுதியிருந்தீர்கள். கோட்டை மாரியம்மன் இருக்கும் ஊரிலிருந்து போகிறீர்கள், அதனால் இதையும் சொல்ல வேண்டும். சைகோனிலும் ஒரு மாரியம்மன் இருக்கிறாள். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அங்கே போன தமிழர்கள் கட்டிய கோயில், பென் தான் சந்தையிலிருந்து நடக்கும் தூரம். இன்று அங்கே ஊதுபத்தி ஏற்றி வேண்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். முதல் நாளே ஓடாதீர்கள். தெரிந்த முகத்தைப் பார்த்துவிட்டால் மனம் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும், ஊர் கண்ணில் படாது. சந்தைக்கு அழைத்துப் போகும் நாளில் கைடிடம் அரை மணி நேரம் கேட்டுப் பாருங்கள்.