வெட்டாற்றங்கரைப் பாதை: யாரிடம் கேட்பது?

வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் வெட்டாற்றங்கரைப் பாதையைச் சீமைக்கருவேலம் அடைத்துவிட்டது, ஊராட்சி கைவிரிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஊராட்சியைக் குறை சொல்ல முடியாது; ஆற்றங்கரை நீர்வளத்துறையின் பொறுப்பு. நீங்களே அரிவாளோடு இறங்காதீர்கள். அந்தத் துறையின் உதவிச் செயற்பொறியாளரிடம் மனு கொடுங்கள். மே 1 கிராம சபையில் தீர்மானமும் போடச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணித் திருவிழாக் கொடியேற்றம் நெருங்கும்போது ஓடினால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

அப்புறம், ஒருமுறை வெட்டினால் போதாது, கருவை திரும்பத் தழைக்கும். அமெரிக்காவின் 3,500 கிலோமீட்டர் அப்பலாச்சியன் பாதையில் ஒவ்வொரு தொண்டர் மன்றமும் ஒரு பகுதியைப் பார்த்துக்கொள்கிறது. நீங்களும் துண்டு துண்டாகப் பிரித்து, கரையோர விவசாயிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். யாத்திரைக் குழு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். விவசாயிகளின் டிராக்டருக்கோ தினமும் அதுதான் வழி.