வெறும் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை எடுக்கலாமா? மலை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து போனவளின் பதில்

"நீட் பிஜி தரவரிசையில் பொது அறுவை சிகிச்சை கிடைக்கும்போல் இருக்கிறது. எம்.சி.எச். போகாமல் வெறும் எம்.எஸ்.ஸோடு நின்றால் மதிப்பு உண்டா, அதுவும் ஒரு பெண்ணுக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். (மற்றவர்களுக்காக: நீட் பிஜி என்பது எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் எழுதும் மேற்படிப்பு நுழைவுத் தேர்வு; எம்.எஸ். அறுவை சிகிச்சை மேற்படிப்பு; எம்.சி.எச். அதற்கும் மேலான சிறப்பு அறுவைப் படிப்பு.) அந்த "வெறும்" இல்லாவிட்டால் நான் பதில் எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

சென்ற ஆவணியில் எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும்முன் என் பெயருக்குப் பின்னால் என்ன பட்டம் போடுவது என்று பெரியப்பா கேட்டார். எம்.எஸ். என்றேன். "அவ்வளவுதானா? அதற்கு மேல் ஒன்றும் இல்லையா?" என்றார். அதே பெரியப்பா இரண்டு மாதம் கழித்து இரவு பதினொன்றரை மணிக்குத் தன் பித்தப்பை ஸ்கேனை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அன்றைக்கு வெறும் எம்.எஸ். போதுமானதாக இருந்தது.

உங்களுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். எல்லோரும் முதலில் எடுக்கும் கதிரியக்கவியலும் தோல் மருத்துவமும் உங்கள் தரவரிசைக்கு முன்பே தீர்ந்திருக்கும். வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தவறாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள். நான் இருந்த நிலையை வைத்துத்தான் சொல்கிறேன்.

நான் எம்.பி.பி.எஸ். முடித்து, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வு எழுதி, ஜவ்வாது மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தவள். அந்தப் பதவிக்கு ஆங்கிலத்தில் "அசிஸ்டென்ட் சர்ஜன்" என்று பெயர். தமிழில் "உதவி மருத்துவர்". தமிழ்தான் உண்மையைச் சொல்கிறது. மூன்று ஆண்டுகளில் நான் செய்த அறுவை என்றால் அரிவாள் வெட்டுக்குத் தையல், கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தல், அவ்வளவுதான். வயிற்று வலியோடு வருபவரைத் தொட்டுப் பார்த்தால் இது குடல்வால் (அப்பென்டிக்ஸ்) வீக்கம் என்று கைக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? 108-ஐ அழைத்து, மலையிலிருந்து கீழே அனுப்பிவிட்டு, அவர் என்ன ஆனார் என்று தெரியாமலே இருக்க வேண்டும். அது உறுத்திக்கொண்டே இருந்தது. அறுவை சிகிச்சை எடுத்ததற்கு வேறு உயர்ந்த காரணம் ஏதும் எனக்கு இல்லை.

நான் எழுதியது 2021 நீட் பிஜி. 200 கேள்வி, மூன்றரை மணி நேரம், சரியானால் 4 மதிப்பெண், தவறானால் 1 கழிவு. அதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஏப்ரல் 18 தேர்வு என்று விடுப்பு வாங்கி வைத்திருந்தேன். மூன்று நாள் முன்னால் தள்ளிவைத்தார்கள். கொரோனா இரண்டாம் அலை முழுவதும் பிபிஇ உடைக்குள் வெந்துவிட்டு, செப்டம்பர் 11 அன்று போய் எழுதினேன். பிறகு பொருளாதாரத்தில் நலிந்தோர் ஒதுக்கீட்டு வழக்கால் கலந்தாய்வு இழுத்துக்கொண்டே போய், 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. அந்த நான்கு மாதம் நான் எதையும் படிக்கவில்லை. மறந்து போனதெல்லாம் அப்போது மறந்ததுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "சர்வீஸ் கோட்டாவில் வந்தவரா? அப்படியென்றால் சரி" என்று கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதுவார், எப்போதும் எழுதுகிறார். ஆமாம், பணியில் இருக்கும் அரசு மருத்துவர்களுக்கான இடத்தில்தான் சேர்ந்தேன். மாநிலங்கள் அப்படித் தனி இடம் ஒதுக்கலாம் என்று 2020 ஆகஸ்டு 31-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நானும் அதே தேர்வைத்தான் எழுதித் தகுதி பெற்றேன். பின்வாசல் என்பவர்கள் அந்த மலையில் ஒரு மழைக்காலம் இருந்துவிட்டு வரட்டும். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேசப்போவதில்லை.

முடிவெடுக்கும் முன் பயிற்சி எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும், இல்லையா? முதலாண்டு கத்தியைத் தொடுவேன் என்று போனேன். தொட்டதெல்லாம் பஞ்சும் கட்டுத்துணியும். காலை ஐந்தரைக்கு வார்டுக்குப் போனால் பத்து, பன்னிரண்டு சர்க்கரைப் புண் கால்கள் எனக்காகக் காத்திருக்கும். அதில் ஓர் அம்மா, கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவர். இருபது வருடச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சியே இல்லை. சித்திரை வெயிலில் பகலிலேயே திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரையும் வெறுங்காலோடு சுற்றியிருக்கிறார். கொப்புளம் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் நாற்றம் வந்த பிறகு மகன் பார்த்திருக்கிறான். எங்களிடம் வரும்போது கணுக்கால் வரை வீக்கம்.

இரண்டு விரல்களை எடுத்தோம். எடுத்தது யூனிட்டின் உதவிப் பேராசிரியர்; நான் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு நாற்பத்தொரு நாள், காலையும் மாலையும் கட்டுப் பிரித்துக் கட்டியது நான். எங்கள் சீஃப், அதாவது யூனிட்டின் தலைவர், ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை. ரவுண்ட்ஸில் கட்டைப் பிரிக்கும் முன்பே "உள்ளே எப்படி இருக்கும், சொல்" என்று கேட்பார். முதல் பத்து நாள் தவறாகச் சொன்னேன். பிறகு மூக்குக்குத் தெரிந்துவிட்டது. எந்த வாடை வந்தால் இன்னும் செத்த சதை உள்ளே ஒளிந்திருக்கிறது, ஓரம் எப்படிச் சிவந்தால் புதுச்சதை ஊறுகிறது என்பதை எந்தப் புத்தகத்திலும் நான் கற்கவில்லை. கடைசியில் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி, அந்த அம்மா நடந்தே வீட்டுக்குப் போனார். இந்த வேலை உங்களுக்குச் சலிப்பாகத் தோன்றினால் தயவுசெய்து வேறு பிரிவு எடுங்கள். முதலாண்டில் பெரும்பகுதி இதுதான்.

இரண்டாம் ஆண்டில் ஓர் அட்மிஷன் நாள் (புதிதாக வரும் நோயாளிகளை எங்கள் யூனிட் சேர்த்துக்கொள்ளும் நாள்), இரவு இரண்டு மணி. முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரையை வாரக்கணக்கில் வெறும் வயிற்றில் போட்டுவந்த கட்டடத் தொழிலாளி. வயிறு பலகைபோல் இறுகியிருந்தது. நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் உதரவிதானத்தின் கீழே பிறைபோல் காற்று. சிறுகுடலின் தொடக்கத்தில் புண் ஓட்டையாகிவிட்டது. உதவிப் பேராசிரியர் கை கழுவிவிட்டு வந்து, எப்போதும் நான் நிற்கும் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். "இன்று நான் உதவி. நீ ஆரம்பி" என்றார். ஓட்டை ஒரு பட்டாணி அளவுகூட இல்லை. குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையை அதன்மேல் இழுத்துவைத்து மூன்று தையலில் கட்ட வேண்டும். நாற்காலிக் கைப்பிடியில் நூல் கட்டி ஆயிரம் முடிச்சுப் போட்டுப் பழகிய விரல், உண்மையான குடலின்மேல் நடுங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது முடிச்சில் நடுக்கம் நின்றுவிட்டது.

இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அதைவிட எனக்கு நினைவில் நிற்பது அடுத்த மூன்று இரவுகள். மணிக்கு 30 மில்லி சிறுநீராவது இறங்க வேண்டும் என்று பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் இரவு அது திடீரென்று வற்றிவிட்டது. சிறுநீரகம் போய்விட்டது என்று எனக்கு வியர்த்துக் கொட்டியது. யாரை எழுப்பலாம் என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, ஸ்டாஃப் நர்ஸ் அக்கா வந்து போர்வையை விலக்கினார். சிறுநீர்க் குழாய் நோயாளியின் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. முதலில் போர்வையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்பதை அன்றைக்குக் கற்றேன்.

வேலை நேரம் பற்றி: உறைவிட மருத்துவருக்கு வாரம் 48 மணி நேரம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-இலேயே எழுதி வைத்திருக்கிறது. எனக்கு அது புதன்கிழமைக்குள் முடிந்துவிடும்.

பெண் என்பதைப் பற்றி. நோயாளிகள் மூன்று ஆண்டும் என்னை "சிஸ்டர்" என்றுதான் அழைத்தார்கள். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு போய், எல்லாவற்றையும் விளக்கி, கையெழுத்தும் வாங்கிய பிறகு, "சரி சிஸ்டர், டாக்டர் எப்போது வருவார்?" என்பார்கள். செவிலியரைக் குறைத்துச் சொல்லவில்லை, குழாயைக் கண்டுபிடித்தவர் யார் என்று மேலே எழுதியிருக்கிறேன். எனக்குப் பக்கத்தில் நிற்கும், பெயர் எழுதவே தெரியாத பயிற்சி மாணவன் மட்டும் எப்படி "டாக்டர் சார்" ஆகிறான் என்பதுதான் என் கேள்வி. டூட்டி அறைக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வைக்கச் சொல்லி நான்கு கடிதம் கொடுத்தோம். படிப்பை முடித்து வந்துவிட்டேன், தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை என்று இளையவர்கள் சொல்கிறார்கள். ஆனால் தியேட்டருக்குள் பெண் என்பதால் எனக்குக் கத்தி மறுக்கப்பட்டதில்லை. எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். சென்னையின் பழைய பெரிய மருத்துவமனைகளில் இரைப்பை குடலுக்கும் இரத்தக் குழாய்க்கும் தனித்தனி அறுவைத் துறைகள் உண்டு; பெரிய கேஸ்களைப் பார்க்கலாம், ஆனால் பலவும் அந்தத் துறைகளுக்குப் போய்விடும். மாவட்டக் கல்லூரியில் எல்லாமே பொது அறுவைக்குத்தான் வரும். அங்கே இரண்டாம் ஆண்டு படிப்பவரைப் பிடித்து, இரவில் வரும் குடல்வாலை யார் செய்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். மாவட்ட மருத்துவமனையில் கட்டாயமாகப் போட்ட மூன்று மாதப் பயிற்சியை நான் தண்டனை என்றுதான் நினைத்தேன். அங்கேதான் குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைப்பது கைக்கு வந்தது.

எம்.சி.எச். போவதை நான் குறை சொல்லவில்லை. என் தோழிகள் இருவர் போயிருக்கிறார்கள், நன்றாகச் செய்கிறார்கள். நான் இப்போது ஒரு வட்ட மருத்துவமனையில் இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் தியேட்டர். சென்ற மாதம் நான் முன்பு இருந்த அதே மலையிலிருந்து ஒரு பையனைக் குடல்வால் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அனுப்பிய உதவி மருத்துவருக்கு மறுநாள் நானே அழைத்து, குடல்வால்தான், எடுத்துவிட்டோம், பையன் கஞ்சி குடித்தான் என்று சொன்னேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, எந்த ஆண்டு நீட் எழுதினீர்கள் மேடம் என்று கேட்டாள்.

நீங்கள் சேருவதாக இருந்தால், கழுவக்கூடிய ரப்பர் செருப்பு இரண்டு ஜோடி வாங்கிப் பெயர் எழுதி வையுங்கள். ஒரு ஜோடியை முதல் வாரமே யாராவது தியேட்டர் வாசலிலிருந்து போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.