வாசகர் கேள்வி பதில்: இராமநாதபுரக் கரையில் எந்த மாதம் எந்தக் கடல்?

கேள்வி: சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் குடும்பத்துடன் தனுஷ்கோடி சென்றோம். காரின் கதவைத் திறக்க முடியாத அளவுக்குக் காற்று. கண்ணில் மணல் விழுந்ததால் என் மாமியார் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. பிள்ளைகள் காலை நனைக்காமலே திரும்பினார்கள். இந்த ஆண்டு காலாண்டு விடுமுறையில் மூன்று நாள் அதே பக்கம் வர விரும்புகிறோம். முதியவருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஏற்ற கடற்கரைகள் எவை?
(வாசகி, மதுரை)

பதில்: உங்களுக்கு நேர்ந்தது கடற்கரையின் குற்றமன்று, மாதத்திற்குப் பொருந்தாத கரையைத் தேர்ந்ததால் நேர்ந்தது. இராமநாதபுரம் மாவட்டத்திற்கு வருபவர்கள் ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் காற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் சலிக்காமல் சொல்லி வருகிறேன். ஏனென்றால் இந்த ஒரே மாவட்டத்திற்கு இரண்டு கடல்கள் இருக்கின்றன. மண்டபம் வரை நீண்டு, பிறகு பாம்பன் தீவாகத் தொடர்ந்து, அரிச்சல்முனையில் முடியும் ஒடுங்கிய நிலத்திற்கு வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் இவற்றை வடகடல், தென்கடல் என்பார்கள். இராமேஸ்வரத்தில் வடக்குப் பக்கத்துக்குப் பெண் கடல் என்றும் தெற்குப் பக்கத்துக்கு ஆண் கடல் என்றும் பெயர் வழங்குகிறது.

வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாசி வரையில் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்றைச் சோழகம் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்றும் கரையோர ஊர்களில் சொல்வார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழிக்குப் பொருள் தெரிய வேண்டுமானால், அந்த மாதத்தில் தனுஷ்கோடியின் தென்கரையில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். பரந்த கடல்மேல் தடையின்றி வரும் காற்று அங்கே அலைகளை உயர்த்தி, கரை மணலை வாரிச் சாலைமேல் கொட்டுகிறது. அதே காற்று நிலத்தைக் கடந்து வடகரையை அடையும்போது, தண்ணீரின்மேல் அது ஓடி அலை எழுப்புவதற்குப் போதுமான தூரம் கரையோரத்தில் இருப்பதில்லை. ஆகவே தென்கடல் கொந்தளிக்கும் அதே பிற்பகலில், சிறிது தூரத்தில் இருக்கும் வடகடல் ஊருணி போலக் கிடக்கும். ஐப்பசியில் வாடைக் காற்று பிடித்ததும் இது அப்படியே தலைகீழாகிறது. வடகிழக்கிலிருந்து வரும் வாடை பாக் நீரிணையின் ஆழமில்லாத தண்ணீரைக் கலக்கி, கலங்கலான குட்டை அலைகளை வடகரைமேல் அடுக்கடுக்காகத் தள்ளும்; அப்போது தென்கரை ஓரளவு அடங்கிவிடும். மீன்பிடிப்பவர்களில் பலர் பருவத்துக்குப் பருவம் வள்ளங்களை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக்கொள்வது இதனால்தான்.

காலாண்டு விடுமுறை வரும் புரட்டாசி, காற்று மாறப்போகும் காலம். சோழகத்தின் வேகம் குறைந்திருக்கும். வாடை பெரும்பாலும் பிடித்திருக்காது. எனவே வடகரையை முதன்மையாக வைத்துக்கொண்டு, தென்கரையை ஒரு காலை நேரத்திற்கு மட்டும் ஒதுக்குங்கள்.

முதல் நாளுக்கு அரியமான் கடற்கரையைச் சொல்வேன். இராமநாதபுரத்திலிருந்து இராமேஸ்வரம் செல்லும் நெடுஞ்சாலையில் உச்சிப்புளியை அடுத்துப் பிரியும் சாலையில், சுந்தரமுடையானை ஒட்டி இது இருக்கிறது. சவுக்கு மரங்களின் நிழல் கரைக்கு அருகிலேயே கிடைப்பதால் உங்கள் மாமியார் உட்கார்ந்திருந்தபடியே பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கடல் வெகுதூரம்வரை ஆழமில்லாமல் சரிகிறது. ஆனால் ஆழமில்லை என்பதை ஆபத்தில்லை என்று கொண்டுவிடக் கூடாது; ஒரு பெரியவர் பிள்ளைகளுக்கும் ஆழத்திற்கும் நடுவே நிற்கட்டும். தண்ணீருக்குள் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்தபடி நடக்கச் சொல்லுங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அசைவை உணர்ந்து விலகிவிடும். மிதித்தால் வால்முள் குத்தும். சொறி மீன்கள் (ஜெல்லி மீன்கள்) மிதக்கும் நாளில் கரையிலேயே விளையாடுவது நல்லது. கரை ஒதுங்கியவற்றைத் தொடுவதும் வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். வடகரையில் பல இடங்களில் பழுப்பு நிறத்தில் நாடா நாடாவாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்து, குப்பை என்று முகம் சுளித்துத் திரும்புபவர்களை நான் அடிக்கடி காண்கிறேன். அது மீனவர்கள் தாழை என்று சொல்லும் கடற்புல். காற்றில் அறுந்து கரை சேர்ந்தது. ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு உணவும், இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் தங்கிடமும் அந்தப் புல்வெளிதான். தாழை ஒதுங்கும் கரைக்கு எதிரே உயிருள்ள கடல் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அந்த ஒரு செய்திக்காகவே பயணம் செய்யலாம் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் தேவிபட்டினம் செல்லுங்கள். இராமநாதபுரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கும் நவபாஷாணத்தை மேடைமேல் நடந்து சென்று பார்க்கலாம் என்பதால் முதியவர்களுக்குச் சிரமமில்லை. அங்கிருந்து வடக்கே தொண்டி செல்லும் வழியில் உப்பூர் வெயிலுகந்த விநாயகரை வணங்கிவிட்டு, காரங்காட்டுக்குப் போகலாம். அங்குள்ள அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையினர் படகில் அழைத்துச் செல்கிறார்கள். மரங்கள் காற்றைத் தடுத்துக்கொள்வதால் வெளிக்கடலில் காற்றடிக்கும் நாளிலும் கால்வாய்க்குள் தண்ணீர் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும்.

மூன்றாம் நாள், வெயில் ஏறுவதற்கு முன்பே தனுஷ்கோடிக்குச் சென்றுவிடுங்கள். காற்றுக் காலத்தில் காலை நேரம் பொதுவாகச் சற்றே தணிந்திருக்கும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். சென்ற ஆண்டு நீங்கள் பார்க்காமல் திரும்பிய தேவாலயத்தின் சுவர்களையும் ரயில் நிலையத்தின் மிச்சத்தையும் இம்முறை நின்று பார்க்கலாம்.

கேள்வி: அரிச்சல்முனையில் ஒரு பக்கம் அலை அடித்தாலும் மறுபக்கம் கடல் குளம்போல இருக்கிறதே, அந்தப் பக்கத்தில் இறங்கிக் குளிக்கலாமா?
(கல்லூரி மாணவர், ஈரோடு)

பதில்: கூடாது. எந்த மாதத்திலும், எந்தப் பக்கத்திலும் கூடாது. நிலத்தின் நுனியில் இரண்டு கடல்களின் தண்ணீரும் ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. அதற்கப்பால் உள்ள மணல்திட்டுகளுக்கு இடையே நீரோட்டம் விரைகிறது. காலுக்குக் கீழுள்ள மணலை அது அரித்துக்கொண்டே இருப்பதால், நேற்று முழங்காலளவு இருந்த இடம் இன்று ஆளை மூழ்கடிக்கும். மேற்பரப்பில் அலை இல்லாதது அடியில் ஓட்டம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அங்கே குளிக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை உயிர்களை இழந்த பிறகு எழுதப்படுவது. தயவுசெய்து அதை மதியுங்கள்.

பெண் கடல் என்ற பெயரும் பலரை ஏமாற்றுகிறது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியை அழித்த புயல் வாடைக் காலத்தில்தான் வந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் அன்று நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலுக்குப் பலியானது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடும் ஏற்பாட்டைப் பிற்காலத்தில் செய்திருந்தார்கள். இரும்புப் பாதையில் ஓடும் வண்டியே காற்றுக்குக் காத்து நின்ற ஊரில் நாமும் காத்து நிற்பதில் குறைவில்லை. குளிக்க விரும்பினால் இராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கரை இருக்கிறது.

கேள்வி: அமைதியான கடல் எனக்கு வேண்டாம். பாறையும் அலையும் காற்றுமாக, கூட்டமில்லாத கரைகளைப் படம் எடுக்க விரும்புகிறேன். இராமநாதபுரத்தில் அப்படி இடங்கள் உண்டா?
(வாசகர், சென்னை)

பதில்: கன்னியாகுமரியை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றமே மிஞ்சும். இது மேடற்ற, மணல் பரந்த கரை. பனையும் உடைமரமும்தான் இங்கே உயரமானவை. உடைமரங்களுங்கூடக் காற்றுக்குப் பணிந்து குடைபோலப் படர்ந்திருக்கும். இந்தக் கரையின் முரட்டுத்தனம் பாறையில் இல்லை, காற்றில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனாலும் நீங்கள் கேட்பதற்கு மிக அருகில் வருவது சாயல்குடிப் பக்கத்துத் தென்கரை.

கீழக்கரை, ஏர்வாடிக் கரைகளுக்கு எதிரே கடலுக்குள் தீவுகளும் பவளப்பார்களும் வரிசையாக நிற்பதால் பெரிய அலைகள் அங்கேயே உடைந்து, கரைக்கு வரும்போது வலுவிழந்துவிடுகின்றன. அந்தக் காவல் குறைந்த இடங்களில்தான் கடல் தன் முழுக் குரலோடு வருகிறது. வாலிநோக்கத்தில் கரையோரப் பாறைகள்மேல் அலை மோதுவதைக் காணலாம். ஊருக்குச் செல்லும் வழியில் உப்பளங்கள் வெள்ளையாக விரிந்திருக்கும். மாரியூரில் பூவேந்தியநாதர் கோயில் கடலுக்கு வெகு அருகில் உள்ளது. இறைவன் வலை வீசிய திருவிளையாடல் இங்கேதான் நடந்தது என்பது ஊராரின் நம்பிக்கை. அதற்கும் மேற்கே மூக்கையூரில் மீன்பிடித் துறைமுகமும், இருபுறமும் நீண்ட மணற்கரையும் உண்டு. காற்றையும் அலையையும் ஒருசேரக் காண ஆனி, ஆடி மாதங்களில் வாருங்கள். ஒளி சாயும் பிற்பகல் அழகானது. ஆனால் பறக்கும் மணலும் உப்புத் துளியும் கேமராவின் லென்சைக் கெடுத்துவிடும் என்பதால், லென்சைக் கழற்றி மாற்றுவதை வண்டிக்குள்ளேயே செய்யுங்கள். இந்தக் கரைகளில் தங்கும் விடுதிகளை எதிர்பார்க்காமல் இராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ தங்கிவிட்டு வருவது நல்லது. குடிநீரைக் கையோடு கொண்டுவாருங்கள். இந்த ஊர்களில் நல்ல தண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு காத்திருப்பதை நீங்கள் காண நேரும்.

பாறைகளில் நிற்பது பற்றி ஓர் எச்சரிக்கை. காற்றே இல்லாத நாளிலும், தொலைவில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழுந்த அலைகள் திடீரென்று கரையேறுவதுண்டு. சித்திரை, வைகாசியில் இது கூடுதல். கள்ளக்கடல் என்று இதற்குப் பெயர். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கொண்டுபோனது இத்தகைய அலைதான். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கான எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. புறப்படும் நாளின் காலையில் அதைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பொங்கல் விடுமுறையில் வரலாமா? தீவுகளுக்குச் செல்ல முடியுமா?
(வாசகி, காரைக்குடி)

பதில்: வரலாம், தை மாதத்தில் வாடை இருக்கும் என்பதால் மேலே மதுரை வாசகிக்குச் சொன்னதைத் தலைகீழாக்கிப் படித்துக்கொள்ளுங்கள். அரியமானில் அன்று கடல் கலங்கியிருக்கக்கூடும். திருப்புல்லாணிப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் தென்கரையில் உள்ள சேதுக்கரைக்குச் செல்லலாம். ஆனால் தை அமாவாசையன்று நீராடவும் தர்ப்பணம் செய்யவும் பெருங்கூட்டம் வரும். தனுஷ்கோடியின் உப்பங்கழிகளில் பூநாரைகள் இறங்கும் பருவமும் இதுதான். 2025-இல் அங்கே பூநாரைகளுக்கென்று சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பறவைகளைப் பறக்கவிட்டுப் படமெடுக்கும் ஆசையில் சேற்றுக்குள் இறங்கிச் செல்லாதீர்கள். வெகுதூரம் பறந்து வந்து இரை தேடுபவை அவை.

தீவுகளைப் பொறுத்தவரை, பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. விரும்பியபடி படகெடுத்துப் போய் இறங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததால் அவற்றில் இரண்டு தண்ணீருக்குள் மூழ்கிவிட்டன என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு வருத்தம் தராது. பாம்பனை அடுத்த குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கும், ஏர்வாடியை அடுத்த பிச்சைமூப்பன்வலசையிலிருந்து கடலுக்குள் உள்ள மணல்திட்டுப் பக்கத்துக்கும் வனத்துறையே படகு விடுகிறது. காற்று கூடினால் படகை நிறுத்திவிடுவார்கள். முதல் நாள் மாலையிலேயே விசாரித்துக்கொண்டு, காலையில் முதல் படகுக்குப் போய்விடுங்கள். படகு இல்லை என்று சொல்லிவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.