சலாலாவுக்கு வரும் தம்பிக்கு

தம்பி, ரமலான் நோன்பு தொடங்கும் வாரத்தில் ஓமானின் சலாலா வந்து சேர்கிறேன், நான் இந்து, பகல் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, வெயில் தாங்குமா, வாடகை எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெயிலுக்குப் பயப்பட வேண்டாம், இது மஸ்கட் இல்லை. நோன்பு விஷயத்தை மட்டும் கவனமாகக் கேளுங்கள்.

பகலில் அறைக்குள் சாப்பிட்டால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். வெளியே வந்துவிட்டால் ஒரு வாய் தண்ணீர்கூட வேண்டாம். காருக்குள் இருந்து குடித்தாலும் வெளியே குடித்த மாதிரிதான். சிகரெட்டும் அப்படியே. 2018 தண்டனைச் சட்டப்படி இதற்கு 3 மாதம் வரை சிறை உண்டு. பகலில் ஓட்டல்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், அதனால் இரவே சமைத்து வைத்துவிடுங்கள். நோன்பு மாதத்தில் 6 மணி நேர வேலை என்பது முஸ்லிம்களுக்குச் சட்டம் தந்தது. உங்களுக்கு வழக்கமான நேரம் என்றால் மேனேஜரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

மாலையில் பள்ளிவாசல் முற்றத்தில் விரிப்பு போட்டு பேரீச்சம்பழம், மோர், சமோசா எல்லாம் வைத்திருப்பார்கள். தெருவில் போகிறவரையும் கூப்பிடுவார்கள். உங்களைக் கூப்பிட்டால் கூச்சப்படாமல் போய் உட்காருங்கள். நம் ஆட்களில் பலர் இத்தனை வருஷம் இங்கே இருந்தும் பக்கத்து வீட்டு ஓமானியரோடு ஒரு கஹ்வா, அதாவது அரபிக் காப்பி, குடித்ததில்லை. அறை, டியூட்டி, போன், அவ்வளவுதான் அவர்கள் உலகம். எனக்கு அது பெரிய ஆதங்கம். நான் முதல் வருஷமே அரபி பேசப் பழகினேன். கஹ்வா போதுமென்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்டவேண்டும், அதையும் அப்போதே கற்றேன்.

இன்னொன்று. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கரீஃப், சாரல் காலம். மலையெல்லாம் பச்சையாகிவிடும், மனசு கிடந்து துள்ளும். அப்போது முக்ஸைல் கடற்கரைக்குப் போனால் கடலிடம் விளையாடாதீர்கள். 2022 ஜூலையில் தடுப்பைத் தாண்டிப் போன இந்தியர்களை அலை இழுத்துக்கொண்டது. எல்லாரும் பிழைக்கவில்லை. மலைப்பாதையில் மூட்டத்துக்குள் ஒட்டகம் நடுரோட்டில் நிற்கும், மெதுவாக ஓட்டுங்கள்.

நான் வந்த 2014இல் நோன்பும் கரீஃபும் சேர்ந்தே வந்தன. வேலைக்கு எடுத்த கம்பெனி விமான நிலையத்துக்கு ஆள் அனுப்பவில்லை. கொடுத்த அறையில் கட்டிலும் இல்லை, சுவரெல்லாம் ஈரம். காயல்பட்டினத்துக் காக்கா ஒருவர்தான் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்) தன் அறைக்குக் கூட்டிப்போனார். அஸர் தொழுதுவிட்டு, வெளியே தூறல் விழுந்துகொண்டிருக்க, நோன்புக் கஞ்சி காய்ச்சுவோம். பக்கத்து வீடுகளில் லுபான் என்ற சாம்பிராணிப் புகை எழும்பும். காக்கா ஒரு தூக்கு நிறைய எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். அவர்களும் தூக்கை வெறுமனே திருப்பமாட்டார்கள், பழமோ அல்வாவோ உள்ளே இருக்கும். காக்கா ஊருக்குப் போய்விட்டார். அந்த வீட்டுக்காரர்கள் இன்றும் பெருநாளுக்கு முதலில் கூப்பிடுவது எங்களைத்தான்.