பக்கத்து லேன் ஓடினால் பிழை

கேள்வி: ஒரே போர்டில் இரண்டு சிப்களுக்கு இடையே லேனுக்கு (டேட்டா போகும் ஒரு தனிப் பாதை) நொடிக்கு 10 கிகாபிட் வேகம். ஒரு லேன் மட்டும் ஓடினால் சுத்தம். எல்லாம் ஓடினால் பிழை. ஏன்?

பதில்: பவர் சப்ளை இரைச்சலாகவும் இருக்கலாம், ஆனால் முதல் சந்தேகம் கிராஸ்டாக், அதாவது ஒரு பாதையின் சிக்னல் பக்கத்துப் பாதைக்குக் கசிவது. டிரான்ஸ்மிட் ஜோடியும் (அனுப்பும் இரட்டைக் கோடு) ரிசீவ் ஜோடியும் (பெறும் இரட்டைக் கோடு) ஒட்டி ஓடுகின்றனவா? புறப்படும் சிக்னல் முழு பலத்தோடு இருக்கும், வந்து சேர்வதோ தேய்ந்திருக்கும், அதனால் கசிவு அதை எளிதில் கெடுத்துவிடும். இரண்டையும் வேறு லேயர்களில் போட்டு, நடுவில் கிரவுண்ட் பிளேன் (கிரவுண்டோடு இணைந்த செப்புப் பரப்பு) வையுங்கள். ஜோடிகளுக்கு இடையே, டிரேஸுக்கும் (போர்டில் சிக்னல் போகும் செப்புக் கோடு) கிரவுண்ட் பிளேனுக்கும் இடையே உள்ள உயரத்தைப்போல் 3 மடங்காவது இடைவெளி வேண்டும். மேல் லேயரில் 5 மடங்கு. உயரம் 0.1 மி.மீ. என்றால் அங்கே 0.5 மி.மீ. இடமில்லையா? உயரத்தைக் குறையுங்கள். டிரேஸ் அகலத்தையும் கூடவே குறைக்காவிட்டால் இம்பிடன்ஸ் (சிக்னலுக்கு டிரேஸ் காட்டும் மின்தடை) இறங்கிவிடும். சிக்னல் வயாக்களுக்குப் (லேயர்களை இணைக்கும் துளைகள்) பக்கத்திலேயே கிரவுண்ட் வயா வேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். டிரைவ் பலத்தை (சிப் சிக்னலை அனுப்பும் வலிமை) மட்டும் ஏற்றாதீர்கள். எல்லா லேனிலும் ஏற்றினால் கசிவும் அதே அளவு ஏறும்.